வீட்டில் பராமரிக்க ஆள் இருக்கிறார், வீட்டிலிருந்து வேலை செய்யலாமா? சிங்கப்பூர் ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ளன. மனிதவள அமைச்சு, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், சிங்கப்பூர் தேசிய முதலாளிகள் சம்மேளனம் ஆகிய மூன்று தரப்பினரும் சேர்ந்து வகுத்தவை இவை. வயதான பெற்றோர், கைக்குழந்தை, உடற்குறையுள்ள பிள்ளை, நீண்டகால நோயுள்ள துணை என வீட்டில் ஒருவரைப் பராமரித்துக்கொண்டே வேலைக்கும் செல்வோர் இந்நெறிமுறைகளைப் பற்றி எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. மேலாளர்கள் கேட்பவையும் சில உண்டு.

வீட்டிலிருந்து வேலை செய்வது இப்போது ஊழியரின் உரிமையாகிவிட்டதா?

இல்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் பலரும் தவறான எதிர்பார்ப்போடு மனிதவளப் பிரிவின் கதவைத் தட்டுகிறார்கள். நெறிமுறைகள் ஊழியருக்குத் தருவது கேட்கும் வழியும், கேட்டதற்கு முறையான பதில் பெறும் வாய்ப்பும் மட்டுமே. ஊழியர் எழுத்து மூலம் கோரினால் முதலாளி அதைப் பரிசீலிக்க வேண்டும்; 2 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முடிவைத் தெரிவிக்க வேண்டும்; மறுப்பதாக இருந்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்பதில் நெறிமுறைகள் தலையிடுவதில்லை.

பிரிட்டனில் இதே போன்ற ஏற்பாடு சட்டமாகவே இருக்கிறது. அங்கு 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே கோரிக்கை வைக்கலாம். பதிலுக்கான கால வரம்பு அங்கும் 2 மாதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை, சிறு பிள்ளைகளின் பெற்றோரையும் பராமரிப்பாளர்களையும் குறிப்பாகச் சொல்லி அவர்களுக்குக் கோரும் உரிமையை அளித்தது. சிங்கப்பூர் தேர்ந்தெடுத்தது சட்டத்தை அல்ல, நெறிமுறையை. அதனால் இது பல்லில்லாதது என்று ஒதுக்குவோர் உண்டு. எனினும், முன்பு வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாகவே மறுக்கப்பட்ட ஒன்று இப்போது தேதியோடும் காரணத்தோடும் தாளில் பதிவாகிறது என்பது சிறிய மாற்றமன்று. எழுத்தில் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்ததும் யோசிக்காமல் மறுக்கும் பழக்கம் தானாகவே குறைகிறது.

யாரெல்லாம் கோரலாம்? பராமரிப்பாளர் என்று நிரூபிக்க வேண்டுமா?

தகுதிகாண் காலத்தை முடித்த எல்லா ஊழியர்களும் கோரலாம். நிறுவனம் பெரியதா சிறியதா என்ற வேறுபாடு இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருப்போரும் தகுதிகாண் காலத்தில் இருப்போரும் கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் அவர்களுடைய கோரிக்கையை நெறிமுறைகளின்படி கையாள வேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை.

பராமரிப்பு என்பது கோரிக்கைக்கான காரணங்களுள் ஒன்று, தகுதி நிபந்தனை அன்று. படிப்புக்காகவோ உடல்நலத்துக்காகவோ கோருவோருக்கும் இதே வழிதான்.

வீட்டிலிருந்து வேலை மட்டும்தானா, வேறு ஏற்பாடுகளும் உண்டா?

மூன்று வகைகள் உண்டு. வேலை செய்யும் இடத்தை மாற்றிக்கொள்வது முதல் வகை. வீட்டிலிருந்து வேலை இதில் அடங்கும். மொத்த வேலையும் வேலை நேரமும் குறையாமல், தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது இரண்டாவது. வேலைச் சுமையைக் குறைத்து அதற்கேற்பச் சம்பளத்தையும் குறைத்துக்கொள்வது மூன்றாவது. பகுதிநேர வேலையும் ஒரே பணியை இருவர் பகிர்ந்து செய்வதும் இந்த வகை.

பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் முதல் வகையைத்தான் கேட்கிறார்கள். அவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டாவது. முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும், அலுவலகமோ எட்டரைக்குத் தொடங்கிவிடும் என்பதுதான் சிக்கல் என்றால், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தாலும் மீதி மூன்று நாள் அதே ஓட்டம்தான். தினமும் ஒன்பதரைக்கு வர அனுமதி கிடைத்தால் ஐந்து நாளும் சீராகும். முதலாளிக்கும் இதை ஏற்பது எளிது.

மேலாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார். இது கோரிக்கையாகக் கருதப்படுமா?

அப்படி நம்பியிருக்க வேண்டாம். முறைசாரா ஏற்பாடுகளை நெறிமுறைகள் தடுக்கவில்லை. நல்ல புரிந்துணர்வு உள்ள இடங்களில் ஒரு வரித் தகவலோடு காரியம் முடிந்துவிடுகிறது, அது தொடரட்டும். ஆனால் 2 மாதக் கால வரம்பும் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பும் முறையான கோரிக்கைக்கு மட்டுமே பொருந்தும். "பார்க்கலாம்" என்ற சொல் மூன்று மாதமாக அப்படியே நின்றால், நிறுவனம் தந்துள்ள படிவத்திலோ மின்னஞ்சலிலோ முறையாக எழுதி அனுப்புவதே வழி. படிவம் இல்லாத நிறுவனத்தில் கோரும் தேதி, கேட்கும் ஏற்பாடு, வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு காலம், காரணம், தொடங்கும் நாள், தேவையானால் முடியும் நாள் ஆகியவை கோரிக்கையில் இருந்தால் போதும்.

கோரிக்கையை எப்படி எழுதினால் ஏற்கப்படும்?

மேலாளரின் மேசைக்கு வரும் கோரிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன: "என் தந்தைக்கு உடல்நிலை சரியில்லாததால் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." படிப்பவருக்கு அனுதாபம் பிறக்கலாம், ஆனால் முடிவெடுக்கத் தேவையான எதுவும் இதில் இல்லை. எந்த மூன்று நாள்? எத்தனை மாதம்? வேலை நேரத்தில் தந்தைக்கு என்ன செய்ய வேண்டியிருக்கும்? அப்போது தொலைபேசியை எடுப்பது யார்? விடை தெரியாத மேலாளர் தமக்குப் பாதுகாப்பான விடையைத் தேர்ந்தெடுத்து மறுத்துவிடுகிறார்.

அதே தந்தைக்கு சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வருவதும், அன்று முழுவதும் அசதியாக இருப்பதும் வழக்கம். இவருடைய மகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். அவர் இப்படி எழுதலாம்:

"வரும் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்களில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கோருகிறேன். என் தந்தைக்கு இந்நாள்களில் காலை 7 மணி முதல் 11 மணி வரை ரத்தச் சுத்திகரிப்பு நடைபெறுகிறது. ஏறக்குறைய 11.45 மணிக்கு வாகனம் அவரை வீட்டில் இறக்கிவிடும். அவரை உள்ளே அழைத்து வந்து, உணவு கொடுத்துப் படுக்க வைக்க எனக்கு 45 நிமிடம் தேவைப்படும். அதை என் மதிய உணவு இடைவேளையாக வைத்துக்கொள்கிறேன். மற்ற நேரம் முழுவதும் வழக்கம்போல் இணைப்பில் இருப்பேன். அசல் ரசீதுகளைச் சரிபார்க்கும் வேலையைச் செவ்வாய், வியாழன் ஆகிய நாள்களுக்கு மாற்றிக்கொள்ள முடியும். மாத இறுதிக் கணக்கு முடிப்பு திங்கள், புதன் அல்லது வெள்ளியில் வந்தால் அன்று அலுவலகம் வருவேன். அந்நாளில் என் சகோதரர் வீட்டில் இருப்பார். மூன்று மாதம் கழித்து இந்த ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்யலாம்."

இந்தக் கடிதத்தின் பலம் இரண்டு இடங்களில் இருக்கிறது. எந்த வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது என்பதை மேலாளர் சொல்வதற்கு முன் எழுதியவரே சொல்லிவிட்டு, அதற்கு மாற்றும் வைத்திருக்கிறார். பராமரிப்புக்குத் தேவைப்படும் நேரத்தையும் நிமிடக் கணக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தந்தையின் நோயைப் பற்றி நான்கு பத்தி எழுதுவதைவிட, 11.45 மணிக்கு வாகனம் வரும் என்ற ஒரு விவரம் நம்பிக்கையைத் தருகிறது.

எந்தக் காரணங்களுக்காக முதலாளி மறுக்கலாம்?

நியாயமான வணிகக் காரணங்களுக்காக மறுக்கலாம். நெறிமுறைகள் மூன்று வகைக் காரணங்களை உதாரணமாகக் காட்டுகின்றன. ஏற்பாட்டால் நிறுவனத்தின் செலவு கணிசமாக உயர்வது ஒன்று. ஊழியரின் அல்லது குழுவின் வேலைத் தரமோ அளவோ கணிசமாகக் குறைவதும் வாடிக்கையாளர் சேவை பாதிக்கப்படுவதும் இன்னொன்று. வேலையின் தன்மையால் நடைமுறைக்கு ஒவ்வாதது, மற்ற ஊழியர்களின் வேலை நேரத்தை மாற்ற முடியாதது, புதிதாக ஆள் எடுக்க வேண்டிவருவது ஆகியவை மூன்றாவது வகை.

எவை நியாயமான காரணங்கள் ஆகா என்பதையும் நெறிமுறைகள் சொல்கின்றன. உண்மையில் அதுதான் ஊழியருக்கு அதிகம் பயன்படும் பகுதி. நிர்வாகத்துக்கு இத்தகைய ஏற்பாடுகளில் நம்பிக்கை இல்லை என்பது காரணமாகாது. ஊழியரின் வேலை திருப்திகரமாக இருந்தும், அவர் கண்ணெதிரே அலுவலகத்தில் இருப்பதையே மேற்பார்வையாளர் விரும்புகிறார் என்பதும் காரணமாகாது. "எங்கள் நிறுவனத்தில் இப்படி ஒரு வழக்கமே இல்லை" என்பதும் அப்படியே. நம்மூர் அலுவலகங்களில் காதில் விழும் மறுப்புகளைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால், உள்ளே இந்த மூன்றில் ஒன்று இருப்பதைக் காணலாம்.

"உனக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்ற பதிலை எங்கே வைப்பது? பத்துப் பேர் உண்மையிலேயே கேட்டு, முகப்பில் நிற்க ஆளில்லாத நிலை வந்தால் அது நடைமுறைச் சிக்கல். ஒருவர் மட்டும் கேட்டிருக்கும்போது மற்றவர்கள் கேட்கக்கூடும் என்று அஞ்சுவது வெறும் ஊகம். அந்த இடத்தில் ஊழியர் பணிவாக, தம் கோரிக்கையைத் தனியாக எடைபோடுமாறு கேட்கலாம்.

மறுத்துவிட்டார்கள், அல்லது இரண்டு மாதமாகியும் பதிலே இல்லை. அடுத்து என்ன செய்வது?

மறுக்கும்போது மாற்று ஏற்பாடுகளை ஊழியருடன் பேசுமாறு நெறிமுறைகள் முதலாளிகளை ஊக்குவிக்கின்றன. எனவே மறுப்புக் கடிதம் கிடைத்ததும், அதில் சொல்லப்பட்டுள்ள காரணத்துக்கு நேராக ஒரு சிறு மாற்று யோசனையை வைப்பதே முதல் படி. மூன்று நாள் முடியாது என்றால் இரண்டு நாள், அதுவும் முடியாது என்றால் மூன்று மாதச் சோதனை முயற்சி என்று படிப்படியாக இறங்கலாம்.

அதுவும் பலிக்காவிட்டால் நிறுவனத்தின் உள்முறையீட்டு வழியைப் பயன்படுத்த வேண்டும். முறையான கோரிக்கைக்குப் பதிலே தராமல் இருப்பதும் காரணம் சொல்லாமல் மறுப்பதும் நெறிமுறைக்கு முரணானவை. அத்தகைய நிலையில் தொழிற்சங்கத்தையோ, டாஃபெப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நியாயமான, முற்போக்கான வேலைவாய்ப்பு நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியையோ அணுகலாம். டாஃபெப் முதலில் முதலாளிக்கு எடுத்துச் சொல்லித் திருத்தவே முயலும். வேண்டுமென்றே பின்பற்ற மறுக்கும் முதலாளிகளுக்கு எச்சரிக்கை விடுக்கவும், அவர்களைத் திருத்தப் பயிலரங்குகளில் கலந்துகொள்ளச் சொல்லவும் மனிதவள அமைச்சால் இயலும். முறைப்படி பரிசீலித்து, நியாயமான காரணத்தோடு மறுத்த முடிவை இவர்களில் எவரும் மாற்றித் தரமாட்டார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

வீட்டிலிருந்து வேலை கிடைத்தால் பணிப்பெண்ணையோ பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தையோ நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் என்பதே என் உறுதியான பதில். வீட்டிலிருந்து வேலை என்பது பராமரிப்புக்கு மாற்று அன்று. போகவர ஆகும் நேரம் மிச்சமாகும். கூப்பிட்ட குரலுக்கு அருகில் இருக்கலாம். மருந்து வேளையைக் கவனிக்கலாம். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போக முழு நாள் விடுப்பு எடுக்காமல் இரண்டு மணி நேரத்தில் திரும்பலாம். இவ்வளவுதான் அதன் பயன். பராமரிப்பாளருக்கு இதுவே பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் எட்டு மணி நேர வேலையும் எட்டு மணி நேரப் பராமரிப்பும் ஒரே எட்டு மணி நேரத்துக்குள் அடங்கா.

மறதிநோய் உள்ளவரைப் பராமரிப்போர் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். நோயின் நடுக்கட்டத்தில் இருக்கும் தாய் ஒரே கேள்வியைக் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்பார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார். மாலை நெருங்கும்போது, தம் சொந்த வீட்டில் இருந்துகொண்டே, "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் திறக்க முயல்வார். சாயங்கால வேளையில் குழப்பம் கூடுவது இந்நோயில் பரவலாகக் காணப்படும் ஒன்று. அந்த நேரத்தில் மகன் வாடிக்கையாளருடன் காணொளிக் கூட்டத்தில் இருந்தால் கதவின்மீதும் கண் இருக்காது, கூட்டத்திலும் மனம் இருக்காது. அவருக்குத் தேவை தாய் பகலில் நிலையத்தில் இருப்பதும், நாலரை மணிக்கு அவர் வீடு திரும்பும்போது தாம் வீட்டில் இருப்பதும். ஆகவே வேலையைக் காலை ஏழரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிக்கும் நேர மாற்றத்தையும் அவர் சேர்த்துக் கேட்பது நல்லது.

இரண்டு வயதுக் குழந்தையின் கதையும் ஏறக்குறைய இதேதான். முதலாளிகள் சிலர் ஒப்பந்தத்திலேயே, "வேலை நேரத்தில் சிறு பிள்ளையைக் கவனிக்க வேறொருவர் இருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதுண்டு. கேட்கக் கடுமையாகத் தோன்றினாலும், எழுதாமல் விட்டுவிட்டு ஆண்டு இறுதி மதிப்பீட்டில் குறைசொல்வதைவிட இது நேர்மையானது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் படுக்கையில் தூங்கும் முதியவரும் உள்ள வீட்டுக்கு அதே நிபந்தனையைப் போடுவதுதான் பொருந்தாது.

குழந்தைக்குத் திடீரென நோய் வந்தால் விடுப்பு எடுப்பதா, வீட்டிலிருந்து வேலை செய்வதா?

பாலர் பராமரிப்பு நிலையத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பைப் பெற்றோர் அறிவர். உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள், வாயில் புண், கை கால் வாய்ப்புண் நோயாக இருக்கலாம், உடனே வந்து அழைத்துச் செல்லுங்கள். அதன்பின் மருத்துவர் எழுதித் தரும் நாள்கள் முடியும்வரை, பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு, குழந்தை நிலையத்துக்குத் திரும்ப முடியாது.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய், தந்தை இருவருக்கும் தனித்தனியே ஆண்டுக்கு 6 நாள் சம்பளத்துடன் கூடிய குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளைகள் எத்தனை பேர் என்றாலும் அதே 6 நாள்தான். கடைசிப் பிள்ளைக்கு 7 முதல் 12 வயது என்றால் 2 நாள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்காக, சம்பளமில்லாக் கைக்குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 2024 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு 12 நாளாக உயர்ந்துள்ளது. ஒருமுறை இந்நோய் வந்து போனால் ஒருவருடைய ஆண்டுக் கணக்கே தீர்ந்துவிடும்.

காய்ச்சலும் அழுகையும் உள்ள முதல் இரண்டு மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொள்வதும், குழந்தை தேறி விளையாடத் தொடங்கிய பிறகு மருத்துவச் சான்று முடியும்வரை தாயும் தந்தையும் அரை நாள் முறை வைத்து வீட்டிலிருந்து வேலை செய்வதும் நடைமுறைக்கு உகந்தது. இதற்கு அவ்வப்போது கோரிக்கை எழுத முடியாது. "பிள்ளை நோயுற்றால் மாதத்தில் இத்தனை நாள் வரை, அன்று காலை தெரிவித்துவிட்டு, வீட்டிலிருந்து வேலை செய்யலாம்" என்று முன்கூட்டியே ஓர் ஏற்பாடு பெற்று வைத்திருப்பதே பயன் தரும்.

முதிய பெற்றோரைக் கவனிக்கச் சட்டப்படியான தனி விடுப்பு சிங்கப்பூரில் இல்லை. தங்கள் விருப்பத்தின் பேரில் இதைத் தரும் நிறுவனங்கள் உண்டு. எதிர்பாராப் பராமரிப்புத் தேவைகளுக்கான முத்தரப்புத் தர நிலையை ஏற்றுக்கொண்டுள்ள நிறுவனங்கள், நெருங்கிய குடும்பத்தினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் ஆண்டுக்கு 2 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு வழங்குகின்றன. உங்கள் நிறுவனம் அதை ஏற்றுள்ளதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் தாதி. பேருந்து ஓட்டுநர், துப்புரவாளர், கடை ஊழியர் போன்றோருக்கெல்லாம் இதில் என்ன பயன்?

வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சு பெரும்பாலும் மேசை வேலை செய்வோரைச் சுற்றியே நடக்கிறது என்ற குறை நியாயமானதுதான். நோயாளிக்கு ஊசி போடுவதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. ஆனால் நெறிமுறைகள் இடத்தோடு நின்றுவிடவில்லை. நிலையான வேலை முறை கேட்பது, இரவுப் பணியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு விலக்குக் கேட்பது, பணி அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகத் தருமாறு கேட்பது, சக ஊழியருடன் முறை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்பது ஆகியவை பராமரிப்பாளருக்குப் பெரிதும் உதவும். அட்டவணை முன்கூட்டியே தெரிந்தால் தாயின் மருத்துவமனை நாளைச் சரியான தேதியில் வாங்கலாம்.

வேலைச் சுமையைக் குறைக்கக் கோருவோர் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சம்பளம் குறைந்தால் மத்திய சேமநிதிக்குச் (மசேநிதி) செல்லும் தொகையும் குறையும். வீட்டுக் கடனை அதிலிருந்து கட்டுவோருக்கு மாதந்தோறும் துண்டு விழலாம். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தால் பகுதிநேர ஊழியராகக் கருதப்பட்டு, விடுப்பும் அதே விகிதத்தில் குறையும்.

குடும்பத்தினரின் நோய் விவரங்களை எவ்வளவு தூரம் சொல்ல வேண்டும்?

ஏற்பாட்டுக்குத் தேவையான அளவு மட்டும். என்ன நோய் என்பதைவிட, எப்போது, எவ்வளவு நேரம் உங்கள் கை தேவைப்படுகிறது என்பதே முதலாளிக்கு வேண்டிய தகவல். மருத்துவமனைச் சந்திப்பு அட்டையின் நகல் போதுமான இடத்தில் முழு மருத்துவ அறிக்கையைக் கொடுக்க வேண்டியதில்லை. தம்பிக்கு மனநோய் இருப்பதை அலுவலகம் முழுவதும் அறிய வேண்டாம் என்று நினைப்பவர், மனிதவள அதிகாரியிடம் மட்டும் சொல்லி, மேலாளருக்கு "குடும்பப் பராமரிப்பு" என்று மட்டும் தெரிவிக்குமாறு கேட்கலாம். மேலாளர்கள் தங்களுக்கு வந்த தகவலைக் குழுக் கூட்டத்தில் பரிவோடு பகிர்ந்துகொள்வதும் நடக்கிறது. நல்லெண்ணத்தில் செய்தாலும் அது தவறு.

வீட்டிலிருந்து வேலை செய்வதால் பதவி உயர்வு பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படக் கூடாது. நடைமுறையில், கண்ணில் படாதவர் நினைவிலும் படாமல் போகும் ஆபத்து இருக்கிறது. இதற்கு ஊழியரால் செய்யக்கூடியது, அலுவலகம் வரும் நாள்களைச் சிந்தித்துத் தேர்ந்தெடுப்பது. குழு முழுவதும் கூடும் நாளன்று வீட்டில் இருந்துவிட்டு, ஆளில்லாத வெள்ளிக்கிழமை அலுவலகம் போவதில் பயனில்லை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், பராமரிப்புப் பொறுப்புகளையும் பாதுகாக்கப்பட்ட தன்மைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. வேலைக்கு எடுத்தல், மதிப்பீடு, பதவி உயர்வு, பயிற்சி, பணிநீக்கம் போன்றவற்றில், ஒருவருக்குப் பராமரிப்புப் பொறுப்பு இருக்கிறது என்பதற்காக அவருக்குப் பாதகமாக முடிவெடுப்பது அச்சட்டத்தின்படி பாகுபாடாகும். சட்டம் 2027 இறுதியில் நடப்புக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. 25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. வீட்டிலிருந்து வேலை கேட்டு மறுக்கப்பட்டதையே பாகுபாடு என்று இச்சட்டத்தின்கீழ் வாதிட முடியும் என எண்ணிக்கொள்ள வேண்டாம். இரண்டும் வெவ்வேறு.

நான் மேலாளர். ஒருவருக்கு அனுமதித்தால் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். என்ன செய்வது?

முணுமுணுப்பு பெரும்பாலும் அனுமதியால் எழுவதில்லை, அவசர வேலைகள் அலுவலகத்தில் இருப்பவர் தலையில் விழுவதால்தான் எழுகிறது. வாடிக்கையாளர் நேரில் வந்தால் பேசுவது யார், அச்சுப்பொறி பழுதானால் ஆளை அழைப்பது யார், கூரியர் பையை வாங்குவது யார் என்ற சில்லறை வேலைகளை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. திருமணமாகாதவரும் பிள்ளையில்லாதவரும்தான் இவற்றைச் சுமக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் ஈடாக எந்த வேலையை ஏற்கிறார் என்பதை எல்லாருக்கும் தெரியும்படி வகுத்துவிட்டால் பாதி மனக்குறை அடங்கும். மீதிப் பாதிக்கு, எந்த அடிப்படையில் அனுமதிக்கிறீர்கள் என்பதைக் குழுவுக்கு ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். தனிப்பட்டவரின் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கேமராவை நாள் முழுவதும் திறந்து வைக்கச் சொல்வது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலை அறிக்கை கேட்பது போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தாய்க்கு உடை மாற்றும் வீட்டில் திறந்த கேமரா என்பது அந்தத் தாயின் மானத்தையும் தொடும் விஷயம்.

வீட்டில் வேலை செய்யும்போது அடிபட்டால்? மின்கட்டணம் யார் பொறுப்பு?

வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட விபத்து என்று காட்ட முடிந்தால், இடம் வீடாக இருந்தாலும் வேலைக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரலாம். தந்தையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் அது வேலைக் காயம் ஆகாது. முதலாளி திருப்பித் தராத கூடுதல் மின்கட்டணத்தை, வேலைக்காக ஏற்பட்ட செலவாக வருமான வரிக் கணக்கில் கோர வழியுண்டு. பழைய பில், புதிய பில் இரண்டையும் எடுத்து வையுங்கள்.

பெற்றோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அங்கிருந்தபடியே என் சிங்கப்பூர் வேலையைச் செய்யலாமா?

திருச்சியிலோ தஞ்சாவூரிலோ தாய் தந்தையை விட்டுவிட்டு இங்கு வேலை செய்வோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. கோரிக்கை வைப்பதற்குத் தடையில்லை. ஆனால் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான ஏற்பாட்டைவிட இதில் முடிச்சுகள் அதிகம், நியாயமான வணிகக் காரணம் காட்டி மறுப்பதும் முதலாளிக்கு எளிது.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்போருக்கு அந்த அனுமதியே சிங்கப்பூரில் வேலை செய்வதற்காகத் தரப்பட்டது. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தபடி வேலை செய்தால் அனுமதியின் அடிப்படையே கேள்விக்குள்ளாகும். வரியிலும் கவனம் தேவை. இந்திய மண்ணில் இருந்து செய்த வேலைக்கான சம்பளத்தை இந்தியா தன் வரி வரம்புக்குள் பார்க்கும். இரு நாடுகளுக்கிடையிலான வரி ஒப்பந்தத்தில் குறுகிய காலத் தங்கலுக்கு நிபந்தனைகளோடு விலக்கு இருந்தாலும், அது ஒருவர் எந்த நாட்டில் வசிப்பவராக வரிக்குக் கருதப்படுகிறார் என்பது, தங்கிய நாள்கள், முதலாளியின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து மாறும். வங்கி, மருத்துவத் துறை போன்றவற்றில் வாடிக்கையாளர் தகவலை நாட்டுக்கு வெளியே திறக்கவே அனுமதி இருப்பதில்லை.

இந்தியாவிலேயே வேலை செய்யும் உடன்பிறந்தவர் பொறுப்பை ஏற்கலாமே என்று குடும்பத்தில் பேச்சு எழும். அங்கு சட்டம் தரும் இடம் இன்னும் குறுகலானது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுச் சலுகைச் சட்டம், 26 வார விடுப்புக்குப் பிறகு வேலையின் தன்மை இடம்கொடுத்தால் முதலாளியும் தாயும் பேசி வீட்டிலிருந்து வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. முதிய பெற்றோரைப் பற்றி அது பேசவில்லை.

நடைமுறையில் நிறுவனங்கள் ஒப்புக்கொள்வது குறுகிய கால ஏற்பாட்டைத்தான்: தந்தையின் அறுவை சிகிச்சைக்காக இரண்டு வார ஆண்டு விடுப்பு, அதை ஒட்டி இரண்டு வாரம் அங்கிருந்து வேலை என்பது போல. சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேரமே வித்தியாசம் என்பதால், இங்கு ஒன்பது மணிக்குத் தொடங்கும் வேலையை அங்கு காலை ஆறரைக்குத் தொடங்கி, பிற்பகல் மூன்றரைக்கு முடித்துவிடலாம். மாலை நேர மருத்துவரைப் பார்க்க அது வசதியாகவும் அமையும். கோரிக்கையில் தேதிகள், தங்கும் இடம், பயன்படுத்தும் கணினி, இணைய இணைப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மனிதவளப் பிரிவின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பயணச்சீட்டை எடுங்கள்.